மின்கிற்றாரும் விரியலாக்கியும்: நிறைதொனியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டிலே தோன்றி உலகெங்கும் பரவிய இசைக்கருவிகளுள் மின்கிற்றார் தனித்த இடத்தைப் பெறுவதாகும். அதன் வரலாற்றை எழுதியோர் பலரும் கருவியின் வடிவம், அதனை ஆக்கியோர், அதனை வாசித்துப் புகழ்பெற்றோர் ஆகிய மூன்றையுமே பெரிதும் விதந்து கூறியுள்ளனர். மேடையின் பின்புறத்தே ஒரு பெட்டியாக நிற்கும் விரியலாக்கி அவ்வரலாறுகளிற் பெரும்பாலும் துணைப்பொருளாகவே இடம்பெறுகின்றது. ஆனால், மின்னிணைப்பு அகற்றப்பட்ட திண்மரக் கிற்றார் ஒன்றின் ஒலி ஓர் அறையின் மறுகோடியைத்தானும் எட்டுவதில்லை. வீணைக்குக் குடம் எத்தகையதோ அத்தகையதே மின்கிற்றாருக்கு விரியலாக்கி. தந்தி ஓரிடத்தும் குடம் பிறிதோரிடத்தும் இருக்க, இடையே ஒரு கம்பி மாத்திரம் ஓடுகின்ற இருகூற்றுக் கருவி இது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இவ்வாறு கொள்ளின், 'நிறைவான தொனி' என இசைஞர் போற்றும் பண்பு எங்கிருந்து பிறந்தது என்ற வினா எழுகின்றது. அது கிற்றாரின் பண்பா, விரியலாக்கியின் பண்பா, அன்றி அவை இரண்டும் பொருந்தும் பொருத்தத்தின் பண்பா? அப்பொருத்தத்தைத் திட்டமிட்டு ஆக்கியோர் யாவர்? 1931 முதல் இற்றைவரையான வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகின்றது. இது ஒரு கருவியின் கதை மாத்திரமன்று. தொழினுட்ப வரலாற்றை ஆக்கியோரின் நோக்கினை மட்டும் கொண்டு எழுதலாமா என்ற பொதுவினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

இணையாகப் பிறந்த இரு கருவிகள்

கிற்றாருக்கு மின்வலு தேவைப்பட்டமைக்கான காரணம் எளியது. 1920களில் அமெரிக்க நடன இசைக்குழுக்கள் பெருகின. ஊதுகருவிகளும் முழவுகளும் ஒருங்கே ஒலிக்கையில் கிற்றாரின் மென்மையான ஒலி அமிழ்ந்துபோயிற்று. இதேவேளை, 1915 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெருங் கண்காட்சியின் பின்னர் ஹவாய்த் தீவுகளின் மடிக்கிற்றார் இசை அமெரிக்கப் பெருநிலத்திலே பெருவரவேற்பைப் பெற்றிருந்தது. மடியிற் கிடத்தி உருக்குத் துண்டொன்றைத் தந்திமீது வழுக்கி வாசிக்கப்படும் அக்கருவிக்கு நீடித்த, உரத்த ஒலி இன்றியமையாததாயிற்று. ஆதலின், முதன்முதல் வெற்றி பெற்ற மின்கிற்றார் மடிக்கிற்றாராக அமைந்தமை வியப்பன்று. ஜோர்ஜ் போஷம் என்பார் வகுத்த அமைப்பை அடோல்ப் றிக்கன்பாக்கர் என்பாரின் துணையுடன் 1931 இல் உருவாக்கினர்; 1932 இல் அது விற்பனைக்கு வந்தது. வார்ப்பு அலுமினியத்தாலான அதன் உருவத்தைக் கண்டோர் அதனைப் 'பொரிக்கும் தாச்சி' என அழைத்தனர். அதற்கான ஆக்கவுரிமை 1937 இலேயே வழங்கப்பட்டது.

அதன் தத்துவம் மின்காந்தத் தூண்டலாகும். காந்தத்தின் அருகே செப்புக்கம்பிச் சுருள் வைக்கப்படுகின்றது. உருக்குத் தந்தி அதிர்கையிற் காந்தப்புலம் மாறுபட்டு, சுருளிற் சிறியதொரு மின்னழுத்தம் தூண்டப்படுகின்றது. இசைஞர் 'பிக்கப்' என வழங்குவது இவ்வுறுப்பையே. இங்ஙனம் பெறப்படும் அழுத்தம் மிகச் சிறிதாதலின், ஒலிபெருக்கியை இயக்குதற்கு அதனைப் பன்மடங்காக்குதல் வேண்டும். 1906 இல் லீ டி பொறெஸ்ற் ஆக்கிய மூவாயி வால்வின் வழிவந்த வானொலித் தொழினுட்பம் இதற்குக் கைகொடுத்தது. எனவே, மின்கிற்றார் தோன்றிய நாள்தொட்டே வானொலியின் உடன்பிறப்பாக வளர்ந்தது எனலாம்.

தொடக்க காலத்தில் இவ்விரண்டும் ஒரே தொகுதியாக விற்கப்பட்டமை கவனித்தற்பாலது. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனம் 1936 இல் இ.எஸ். 150 என்ற கிற்றாரை வெளியிட்டது. '150' என்ற எண், கிற்றாரும் ஈ.எச். 150 விரியலாக்கியும் இணைப்புக்கம்பியும் சேர்ந்த தொகுதிக்குரிய விலையை டொலரிற் குறித்தது. 1939 இல் பெனி குட்மனின் ஜாஸ் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்ரியன் இக்கருவியைக் கொண்டே கிற்றாரைத் தாளத்துணை என்ற நிலையினின்றும் தனியிசை நிலைக்கு உயர்த்தினார். 1942 இல், தமது இருபத்தைந்தாவது வயதிற் காசநோயால் அவர் மறைந்தார். அக்குறுகிய காலத்துள் அவர் ஒலிப்பதிவு செய்தவற்றிற் கேட்கும் தொனி, ஊதுகருவியின் தொனியைப் போன்று தடித்து உருண்டதாகும். கிற்றாரும் விரியலாக்கியும் ஒன்றுக்கொன்று உரியனவாகப் பிறந்தமையின் முதற்பயன் அதுவேயாம்.

தெளிவை நாடிய பென்டர்

கலிபோர்னியாவின் புல்லர்ரன் நகரில் 1938 இல் வானொலி திருத்தும் கடையொன்றைத் தொடங்கிய லியோ பென்டர் (1909–1991) இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்துக்குரியவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆயினும், இசைஞர் கொணர்ந்த பழுதடைந்த கருவிகளைத் திருத்தியமையால், அவை எங்கே முறிகின்றன, எங்கே இரைகின்றன என்பதை அவர் நன்கறிந்திருந்தார். 1945 இல் டொக் கோப்மன் என்பாருடன் கூடி மடிக்கிற்றாரையும் சிறு விரியலாக்கியையும் தொகுதியாக விற்றார். பின்னர் தனித்து இயங்கி, 1950 இல் வெளியிட்ட திண்மரக் கிற்றார் 1951 முதல் ரெலிகாஸ்ரர் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் மின் தாழ்சுரக் கிற்றாரும், 1954 இல் ஸ்ராற்றோகாஸ்ரரும் வெளிவந்தன.

பென்டர் விரும்பியது தெளிவான, கூர்மையான ஒலியாகும். அவருடைய முதல் வாடிக்கையாளர் அமெரிக்க மேற்குப்புற நடன இசைக்குழுவினர். வயலின், முழவு ஆகியவற்றை ஊடறுத்துக் கேட்கும் ஒலியே அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஒற்றைச்சுருள் பிக்கப்பின் பரிவு மீடிறன் உயர்ந்ததாகையால் அதன் ஒலி ஒளிர்வுடையது. இதனோடு இணைந்த பென்டர் விரியலாக்கிகளிற் பல, பின்புறம் திறந்த பெட்டியில் ஒலிபெருக்கிகளைக் கொண்டு, அவ்வொளிர்வுக்கு ஓரளவு வெதுவெதுப்பை ஊட்டின. கிற்றாரின் கூர்மையும் வால்வின் மென்மையும் இங்கு ஒன்றையொன்று ஈடுசெய்தன.

இக்கருவிகளை ஆக்கிய தொழிலாளரும் நினைக்கற்பாலர். 1956 இற் பென்டர் தொழிற்சாலையிற் சேர்ந்து 2013 இல் ஓய்வுபெற்ற அபிகெயில் இபாரா என்ற பெண்மணி பிக்கப் சுருள்களைச் சுற்றும் பணியாற் பெயர்பெற்றவர். மயிரினும் மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாக, கைவிரலால் வழிப்படுத்திச் சுற்றுவது அப்பணி. கையாற் சுற்றப்படும் சுருள் முழுதும் ஒரேசீராக அமைவதில்லை; அவ்வொழுங்கின்மையே தொனிக்கு உயிரூட்டுகின்றது எனக் கருதும் இசைஞர் பலர். இத்தகையோரின் பெயர்கள் ஆக்கவுரிமைப் பத்திரங்களிற் காணப்படுவதில்லை.

இரட்டைச்சுருளும் ஒரு மறதியும்

ஒற்றைச்சுருள் பிக்கப்புக்கு ஒரு குறையுண்டு. தந்தியின் அதிர்வை மட்டுமன்றி, அருகிலுள்ள மின்மாற்றிகளும் விளக்குகளும் எழுப்பும் ஆடலோட்டப் புலத்தையும் அது வாங்கிக் கொள்கின்றது. அமெரிக்காவில் 60 ஹேட்ஸ், பிரித்தானியாவில் 50 ஹேட்ஸ் மீடிறனையுடைய மின்வழங்கலின் முரலொலி இதனாற் கேட்கின்றது. கிப்சன் நிறுவனத்துப் பொறியியலாளரான சேத் லவர் இதற்குத் தீர்வு கண்டார். எதிர்த்திசையிற் சுற்றப்பட்ட, எதிர்க் காந்தமுனைவுடைய இரு சுருள்களை அவர் தொடராக இணைத்தார். வெளிப்புல இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராக எழுந்து அழிந்துவிட, தந்தியின் குறிப்பு மட்டும் கூட்டப்பட்டது. 1955 இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட இவ்வமைப்பு 1957 முதல் கிப்சன் கிற்றார்களிற் பொருத்தப்பட்டது.

இரைச்சலை நீக்குவதே லவரின் நோக்கம். ஆனால் இரு சுருள்களின் சேர்க்கை வேறிரு விளைவுகளையும் கொணர்ந்தது. வெளிவரும் அழுத்தம் கூடியது. பரிவு மீடிறன் தாழ்ந்து, உயர்சுரக் கூர்மை குறைந்து, நடுச்சுரங்கள் தடித்தன. இதனை உணர்ந்தே பென்டர் தமது ஒற்றைச்சுருள் கிற்றார்களில் ஏறத்தாழ 2,50,000 ஓம் தடையுடைய கட்டுப்படுத்திகளையும், கிப்சன் நிறுவனத்தார் தமது இரட்டைச்சுருள் கிற்றார்களில் 5,00,000 ஓம் அளவினதையும் பயன்படுத்தும் மரபு நிலைபெற்றது. தடை கூடக்கூட உயர்சுரங்கள் கூடுதலாக எஞ்சும். கருவியினுள்ளேயே பொருத்தம் பார்க்கும் முயற்சிக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

1952 இல் வெளிவந்த லெஸ் போல் கிற்றார் 1957 இல் இப்பிக்கப்பைப் பெற்றது. செந்நிறம் விளிம்பிற் பரவிய அதன் புகழ்பெற்ற வடிவம் 1958 முதல் 1960 வரையே ஆக்கப்பட்டது. விற்பனை குன்றியமையால் 1961 இல் நிறுவனம் அவ்வடிவத்தைக் கைவிட்டு வேறொரு மெல்லிய உருவத்தை அறிமுகப்படுத்தியது. சந்தை மறந்த அக்கிற்றார் இன்று இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியுடைய அரும்பொருளாயிற்று. இம்மாற்றத்தைக் கொணர்ந்தது கலமசூ நகரமன்று, இலண்டன் நகரமாகும்.

கடல்கடந்த ஒரு படி

இரண்டாம் உலகப்போரின் பின்னர் பிரித்தானியா அந்நியச்செலாவணித் தட்டுப்பாட்டினால் இடருற்றது. 1950களின் பெரும்பகுதியில் அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்தது. தடை நீங்கிய பின்னரும் அவற்றின் விலை சாதாரண இசைஞருக்கு எட்டாததாயிற்று. இத்தட்டுப்பாட்டிலிருந்தே பிரித்தானிய விரியலாக்கித் தொழில் எழுந்தது. கென்ற் மாவட்டத்து டார்ட்பர்ட்டில் ரொம் ஜெனிங்ஸ் நடத்திய நிறுவனத்துக்காக டிக் டெனி வடிவமைத்த வொக்ஸ் ஏ.சி. 15 விரியலாக்கி 1958 இலும், அதனினும் கூடிய வலுவுடைய ஏ.சி. 30 அதனையடுத்தும் வந்தன. இறக்குமதி செய்யப்பட்ட ஸ்ராற்றோகாஸ்ரரை வொக்ஸ் விரியலாக்கியுடன் இணைத்த ஹங்க் மார்வினின் மணியொலித் தொனி 1960 அளவிற் பிரித்தானிய இளைஞரைக் கவர்ந்தது. பீற்றில்ஸ் குழுவினரும் வொக்ஸ் விரியலாக்கிகளையே மேடையிற் பயன்படுத்தினர்.

இலண்டனின் மேற்குப்புறத்து ஹான்வெல்லில் முழவுக்கடை நடத்திய ஜிம் மார்ஷல் (1923–2012) ஒரு முழவு வாத்தியக்காரர். அவரது கடைக்கு வந்த இளைஞர், அமெரிக்க விரியலாக்கிகளை ஒத்தவற்றை மலிவான விலையில் வேண்டினர். கென் பிரான், டட்லி கிறேவன் ஆகியோரின் துணையுடன் 1962 இல் அவர் ஆக்கிய ஜே.ரி.எம். 45 என்பது பென்டரின் 'பாஸ்மன்' விரியலாக்கியின் சுற்றமைப்பைப் பின்பற்றியதாகும். பாஸ்மன் தாழ்சுரக் கிற்றாருக்கென வகுக்கப்பட்டதாயினும், ஏனைய கிற்றார் இசைஞரும் அதனைத் தமதாக்கிக் கொண்டிருந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

படியெடுத்தவர்கள் உள்ளூரிற் கிடைத்த உறுப்புகளையே பயன்படுத்த வேண்டியவராயினர். முதற்கட்டத்தில் பென்டர் 12 ஏ.வை. 7 என்ற வால்வை வைத்த இடத்தில் மார்ஷல் ஈ.சி.சி. 83 என்ற கூடிய பெருக்கமுடைய வால்வை வைத்தார். வலுக்கட்டத்தில் விரைவிலேயே பிரித்தானியக் கே.ரி. 66 வால்வுகள் இடம்பெற்றன. பென்டரின் பின்புறம் திறந்த பெட்டியிலிருந்த நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாக, முற்றும் மூடிய தனிப்பெட்டியில் நான்கு 12 அங்குலச் செலெஸ்ரியன் ஒலிபெருக்கிகள் அமைந்தன. இச்சிறு மாற்றங்களின் திரண்ட விளைவு பெரிதாயிற்று. விரியலாக்கி விரைவிலே திரிபுற்றது, நடுச்சுரங்கள் முன்னெழுந்தன, தாழ்சுரங்கள் இறுகின. ஒன்றை அப்படியே படியெடுக்க முயன்றோர், தட்டுப்பாட்டின் காரணமாகப் புதியதொன்றைப் படைத்தனர்.

1966: எதிர்பாராத பொருத்தங்கள்

1966 ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். அவ்வாண்டின் முற்பகுதியிலே, ஜோன் மயோலின் புளூஸ் குழுவுக்காக இலண்டன் டெக்கா ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்த எரிக் கிளப்ரன், விற்பனையிழந்த அந்தப் பழைய லெஸ் போல் கிற்றாரை மார்ஷல் விரியலாக்கியுடன் இணைத்தார். மேடையில் வாசிக்கும் உரப்பிலேயே கூடத்திலும் வாசிப்பேன் என அவர் வற்புறுத்தினார். ஒலிப்பதிவு நெறிமுறைகளுக்கு அது முரணானது. எனினும் யூலை மாதம் வெளிவந்த இசைத்தட்டிற் கேட்ட தொனி, கிற்றார் இசையின் செல்நெறியையே மாற்றியது. இரட்டைச்சுருளின் கூடிய அழுத்தம் விரியலாக்கியைத் திரிபின் எல்லைக்குள் தள்ள, அதன் தடித்த இருண்ட தன்மையை மார்ஷலின் முனைப்பான உயர்நடுச்சுரங்கள் ஒளிரச்செய்தன. அக்கிற்றார் அதே ஆண்டிற் களவுபோயிற்று. அத்தொனி மாத்திரம் நிலைத்தது. கிப்சன் நிறுவனம் 1968 இல் லெஸ் போலை மீண்டும் ஆக்கத் தொடங்கியமைக்கு இத்தகைய இசைஞர் எழுப்பிய கேள்வியே முதன்மைக் காரணமாகும்.

அதே ஆண்டு செப்ரெம்பரில் இலண்டன் வந்த ஜிமி ஹென்றிக்ஸ் மறுதலையான பொருத்தத்தைக் கண்டார். தெளிவுக்கெனவே படைக்கப்பட்ட ஸ்ராற்றோகாஸ்ரரை அவர் 100 வாற்று மார்ஷலுடன் இணைத்தார். ஒற்றைச்சுருளின் குறைந்த அழுத்தத்தை இடையே வைத்த திரிபுப் பெட்டியாலும், விரியலாக்கியின் உச்ச உரப்பாலும் ஈடுசெய்தார். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி தந்தியை மீண்டும் அதிரச்செய்யும் பின்னூட்டு, அதுவரை தவிர்க்கப்பட வேண்டிய குறைபாடாகக் கருதப்பட்டது. அவர் கையில் அது முடிவிலாது நீளும் சுரமாயிற்று.

இவ்விரு பொருத்தங்களையும் எத்தொழிற்சாலையும் திட்டமிடவில்லை. பென்டர் தெளிவை நாடினார். லெஸ் போல் (1915–2009) தாமும் தெளிவான ஒலியையே விரும்பி, தாழ்தடங்கல் பிக்கப்புகளைத் தமக்கெனப் பயன்படுத்தினார். லவர் இரைச்சலை ஒழிக்க முயன்றார். ஆக்கியோர் தவறு எனக் கொண்டதை வாசிப்போர் அழகு எனக் கொண்டனர். இதற்கு முன்னோடிகளும் உளர். 1958 இல் லிங்க் றே தமது விரியலாக்கியின் ஒலிபெருக்கியைப் பென்சிலாற் குத்தித் துளைத்தமையும், 1964 இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சிறு விரியலாக்கியொன்றின் ஒலிபெருக்கித் தாளைச் சவர அலகாற் கீறியமையும் இத்தேடலின் பாற்பட்டனவே.

திரிபு நிறைவாவது எங்ஙனம்?

திரிபு என்பது குறிப்பலையின் வடிவம் மாறுதலாகும். விரியலாக்கி தன் எல்லைக்கு அப்பாற் செலுத்தப்படும்போது அலையின் உச்சிகள் மழுங்குகின்றன. மழுங்கிய அலையிற் புதிய மேற்றொனிகள் தோன்றுகின்றன. அடிப்படைச் சுரத்தின் இருமடங்கு மீடிறன் மேல்ஸ்தாயிச் சட்சம். மும்மடங்கு மேல்ஸ்தாயிப் பஞ்சமம். எனவே ஒரு சுரத்தை மீட்டியவிடத்து அதற்கு இணக்கமான சுரங்களும் உடன் ஒலிக்கின்றன. வால்வு படிப்படியாக மழுங்கச்செய்வதால் மேற்றொனிகள் மெல்ல அரும்புகின்றன. 1960களின் திரான்சிற்றர் விரியலாக்கிகள் பல, எல்லையை எட்டியவுடன் அலையைச் சட்டென வெட்டியமையால் உயர்ந்த மேற்றொனிகள் மிகுந்து ஒலி கரகரத்தது. ஆயினும் திரான்சிற்றர் யாவும் தாழ்ந்தவை எனத் துணிதல் தவறாகும். பி. பி. கிங் போன்ற மேதை லாப் சீரீஸ் என்ற திரான்சிற்றர் விரியலாக்கியை விரும்பிப் பயன்படுத்தினார் என்பது இங்கு நோக்கற்பாலது.

இரு சுரங்கள் ஒருங்கே திரிபுறும்போது அவற்றின் மீடிறன் வேறுபாடும் ஒரு புதிய சுரமாகக் கேட்கும். சட்சமும் பஞ்சமமும் 2:3 என்ற விகிதத்தன. அவற்றின் வேறுபாடு 1. அஃதாவது மந்தரஸ்தாயிச் சட்சம். மீட்டப்படாத தாழ்சுரம் ஒன்று இங்ஙனம் தானே பிறந்து, ஒலிக்கு அடித்தளம் இடுகின்றது. றொக் இசையில் இவ்விரு சுரங்களை மட்டும் கொண்ட சுரக்கூட்டு பெருவழக்குற்றமைக்கு இதுவே காரணம். காந்தாரத்தைச் சேர்த்தால் இணக்கமற்ற வேறுபாட்டுச் சுரங்கள் எழுந்து ஒலி கலங்கும். இசையின் இலக்கணத்தையே கருவியின் பௌதிகம் நெறிப்படுத்தியமைக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

மேலும், கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82 ஹேட்ஸ் மீடிறனுடையது. மிக உயர்ந்த சுரமும் 1,300 ஹேட்சைச் சிறிதளவே விஞ்சும். கிற்றாருக்குரிய 12 அங்குல ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 ஹேட்சுக்கு மேற் பெரிதும் ஒலிப்பதில்லை. இது குறைபாடு போலத் தோன்றினும், திரிபினால் எழும் கடுமையான உயர் மேற்றொனிகளை வடிகட்டும் சல்லடை அதுவே. திரிபுற்ற குறிப்பை வீட்டு இசைத்தட்டுக் கருவியின் அகன்ற ஒலிபெருக்கியூடாகக் கேட்போர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர்.

உரப்பும் அதன் விலையும்

நிறைவை உரப்பென மயங்கியமையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. 1960களின் நடுப்பகுதியில் அரங்குகள் பெருத்தன. ஆனால் அரங்கு முழுவதற்கும் ஒலிவழங்கும் சாதனங்கள் வலுக்குறைந்தனவாகவே இருந்தன. ஆதலால் விரியலாக்கியே அரங்கை நிரப்ப வேண்டியதாயிற்று. 1965 இல் ஹூ குழுவின் பீற் ரவுன்ஷென்ட் கேட்டதற்கிணங்க மார்ஷல் 100 வாற்று விரியலாக்கியை ஆக்கினார். எட்டு ஒலிபெருக்கிகள் கொண்ட பெரும்பெட்டி தூக்கவியலாததாக, அது நான்கு நான்காகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. அவ்வடுக்கு றொக் மேடையின் அடையாளமாயிற்று.

எனினும் செவியின் இயல்பு வேறு. 50 வாற்றை 100 வாற்றாக்கினால் 3 டெசிபெல்லே கூடும். உரப்பு இருமடங்கெனச் செவி உணர்வதற்கு வலு ஏறத்தாழ பத்துமடங்காதல் வேண்டும். வலுவை இரட்டித்தோர் பெற்ற பயன் அற்பம்; செவிகள் கொடுத்த விலை அற்பமன்று. அத்தலைமுறை இசைஞருட் பலர் பின்னாளிற் செவிப்புலன் குன்றி வருந்தினர். ரவுன்ஷென்ட் தமது கேள்விக்குறை பற்றி வெளிப்படையாகவே பேசியுள்ளார். அதற்கு ஒலிப்பதிவுக்கூடத்து ஹெட்போன்களையே அவர் பெரிதும் காரணம் காட்டினார்.

வால்வு விரியலாக்கி தன் எல்லையை எட்டும்போதே இனிமையாகத் திரிபுறும் என்பதை அறிந்தோர் சிறு விரியலாக்கிகளை நாடினர். கிளப்ரன் 1970 இல் சில வாற்று வலுவே கொண்ட பென்டர் 'சாம்ப்' விரியலாக்கியை ஒலிப்பதிவிற் பயன்படுத்தினார். பெரிதாகக் கேட்பது பெரிதிலிருந்தே வரவேண்டும் என்ற விதி இல்லை. மார்ஷல் 1975 இல் தனிமுதன்மை உரப்புக்கட்டுப்பாட்டைச் சேர்த்தமை, திரிபையும் உரப்பையும் பிரித்தறியும் இம்முயற்சியின் விளைவாகும்.

பொருத்தத்தின் பின்னைய வடிவங்கள்

குயின் குழுவின் பிரயன் மே இத்தேடலை ஆய்வுகூட மனப்பாங்குடன் மேற்கொண்டவர். 1963 இல் தொடங்கி, தந்தையாருடன் சேர்ந்து, பழைய அடுப்பங்கரைச் சட்ட மரத்தையும் பிற கழிபொருள்களையும் கொண்டு தமக்கெனக் கிற்றார் செய்தார். அதனை உயர்சுர ஊக்கியொன்றின் வழியாக வொக்ஸ் ஏ.சி. 30 விரியலாக்கியுடன் இணைத்து, குரலை ஒத்த தொனியைப் பெற்றார். இசைக்காக இடைநிறுத்திய வானியற்பௌதிக ஆய்வை நிறைவுசெய்து 2007 இல் கலாநிதிப் பட்டம் பெற்றமையும் பல்கலைக்கழகத்தார் அறிந்து மகிழற்குரியது.

கர்நாடக இசையிலும் இத்தொழினுட்பத்தின் பயனை உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) நிறுவினார். இரட்டைத்தந்திகளையுடைய மரபான மண்டலினின் ஒலி விரைந்து அடங்குவதாகையால் கமகங்களுக்கு அது போதாது. தனித்தந்திகள் ஐந்தைக் கொண்ட மின்மண்டலினை விரியலாக்கியுடன் இணைத்தமையால், மீட்டிய பின்னும் சுரம் நீண்டு, தந்தியை இழுத்து அசைக்க இடமளித்தது. மேலைநாட்டார் திரிபுக்காக நாடிய வலுவை இவர் தெளிவுக்காகவும் நீட்சிக்காகவும் நாடினார். பொருத்தம் என்பது இசைமரபின் தேவையைப் பொறுத்ததென்பது இதனாற் பெறப்படும்.

1998 முதல் பரவிய எண்முறைப் போலிச்சாதனங்களும், 2011 இல் வந்த கெம்பர் போன்றனவும் பழைய விரியலாக்கிகளின் தன்மையைக் கணிப்பாற் போலச்செய்கின்றன. பாரமும் விலையும் குறைவதால் முன்னர் எட்டாதவை பலருக்கும் எட்டுகின்றன. ஆயினும் அவை போலச்செய்வன பெரும்பாலும் 1950களிலும் 1960களிலும் தற்செயலாகக் கண்டறியப்பட்ட அதே பொருத்தங்களையே. பிழையாலும் தட்டுப்பாட்டாலும் பிறந்தவை இன்று விதிகளாகி, பட்டியல்களில் உறைந்துள்ளன. இனியொரு பிழை செய்வதற்கு அப்பட்டியல்கள் இடந்தருமா என்பது சிந்தித்தற்குரியது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, நிறைதொனி கிற்றாரிலோ விரியலாக்கியிலோ தனித்து உறைவதன்று. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் பொருத்தத்திலே பிறப்பது. கூர்மையான கிற்றாருக்கு வெதுவெதுப்பும், தடித்த கிற்றாருக்கு ஒளிர்வும் விரியலாக்கியிலிருந்து கிடைத்தவிடத்தே அது கைகூடியது. இரண்டாவது, அப்பொருத்தத்தை ஆக்கியோர் முன்கூட்டி அறிந்திலர். இறக்குமதித் தடை, கிடைத்த வால்வு, விற்பனையற்ற கிற்றார், சொற்கேளாத இளைஞர் ஆகிய பல காரணிகள் கூடியே அதனைத் தந்தன. மூன்றாவது, ஒரு கருவியின் பயனை அதன் ஆக்கவுரிமைப் பத்திரத்தில் முழுவதும் வாசித்தறிய முடியாது.

தொழினுட்ப வரலாற்றைக் கற்போர் கண்டுபிடித்தவரின் பெயரோடு நின்றுவிடுதல் மரபாகியுள்ளது. அச்சட்டத்துள் சுருள் சுற்றிய விரல்களுக்கும், விதியை மீறி உரப்பைக் கூட்டிய கைகளுக்கும் இடமில்லை. மின்கிற்றாரின் வரலாறோ அவர்களை விலக்கி எழுதப்பட இயலாதது. பொருளைப் படைப்பவர் ஒருவராயிருக்கலாம். அதன் பொருளைப் படைப்பவர் பலராவர் என்பதே இவ்வாய்வினாற் பெறப்படும் முடிபாகும்.